ஓரமா வெச்சுடுங்கோ

ரேவதி போன வாரம் போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த வேலையில் இப்போது இருக்கிற பெண் அவள்.

"அக்கா, நம்ம திட்டத்தைப் பத்தி புக் போடறாங்க. பழைய ஆளுங்க எல்லாம் அனுபவத்த எழுதிக் குடுக்கணுமாம். ரிட்டயர் ஆனவங்க எழுதுவாங்களே, அந்த மாரி. முதல்ல சேந்தது நீங்களும் தேவி அக்காவும்தானே? கொஞ்சம் பாசிட்டிவா எழுதுங்கக்கா, ப்ளீஸ்."

எனக்கு இருபத்தாறு வயது. எட்டாவதோடு படிப்பு நின்றது. இப்போது தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து வைக்கிறேன். ரிட்டயர் ஆனவள் என்று என்னைச் சொன்னால் கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேலையிலிருந்து நான் ரிட்டயர் ஆனவள்தான். என் அக்கா தேவி செத்துப்போனதும் ஆகிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். பாசிட்டிவாக வராது. ரேவதி மன்னிக்கவேண்டும்.

புத்தகத்தில் வரப்போகிற இரண்டு பக்கங்களை ரேவதி வாட்ஸப்பில் அனுப்பினாள். எப்படி எழுதவேண்டும் என்று நான் தெரிந்துகொள்வதற்காகவாம். அந்த இரண்டு பக்கங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் மற்றது எழுத வராது.

நாங்கள் பட்டினப்பாக்கம். கடலிலிருந்து கல்லெறியும் தூரத்தில் நாலு மாடி பிளாக். போர் தண்ணீர் உப்பு. சோறு வடித்தால் சோறே உப்பாக இருக்கும். குடிக்கக் கேன் தண்ணீர், இல்லையென்றால் லாரி. அக்கா கல்யாணமாகிப் போய் அந்த வருஷமே திரும்பி வந்தவள். மைலாப்பூரில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொந்தம் ராகவன் சார். அடையாறில் அவருக்கு ஆபீஸ். உப்புத் தண்ணீரை வெயிலிலேயே நல்ல தண்ணீராக்குகிற பெட்டிகளை எங்கள் மாடியில் வைக்கவேண்டும், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆபீஸில் கொஞ்ச நாள் கற்றுக்கொடுத்தார்கள். போர்டில் படம் போட்டார்கள், எங்களுக்குப் புரியவில்லை. மாடியில் பெட்டியை வைத்து மூடியைப் போட்டதும் புரிந்துவிட்டது.

ஆபீஸில் அதற்கு சூரிய வடிப்பான் என்று பெயர். எங்களுக்குக் கண்ணாடிப் பெட்டி. ஒரு கட்டில் அகலம் இருக்கும். அடியில் தகரத் தட்டு, உள்ளே முழுக்கக் கறுப்புப் பெயிண்ட். மேலே சாய்வாகக் கண்ணாடி. சாய்வு தெற்குப் பார்த்து இறங்கும். காலையில் தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மூடி, சுற்றிலும் காற்று போகாமல் அடைத்துவிடவேண்டும். வெயில் ஏறினால் தண்ணீர் ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் பிடிக்கும். முத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகிச் சரிந்து, தாழ்ந்த பக்கத்தில் இருக்கிற சின்னக் கால்வாயில் விழும். கால்வாயிலிருந்து ஒரு குழாய். குழாய்க்குக் கீழே ஜாடி. உப்பெல்லாம் தட்டிலேயே வெள்ளையாகத் தங்கிவிடும்.

ஜாடி வைக்கிற இடம் தெற்குப் பக்கம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கண்ணாடியில் தண்ணீர் வழிவதைப் பார்த்து அக்கா சொன்னாள்: "இன்னாடி இது, வெயில்ல குந்திக்கினு அழுதுகினே கீது, எம் மாமியா மாரி!"

அதிலிருந்து பெட்டிக்கு எங்களுக்குள் மாமியார் என்றே பெயர். "பெரிய மாமியாளுக்குத் தண்ணி ஊத்துனியா?" "சின்ன மாமியா இன்னிக்கு அழவே இல்லக்கா."

நாள் முழுக்க அழுதாலும் ஒரு பெட்டியில் ஒரு குடம் நிறையாது. இரண்டு மூன்று பாட்டில், அவ்வளவுதான். அதைக் கூட்டவேண்டும் என்பதுதான் எங்கள் வேலை. பெர்ஃபார்மன்ஸ், பெர்ஃபார்மன்ஸ் என்பார் சார். அவர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். தட்டில் தண்ணீர் நிறைய ஊற்றினால் சூடாக நேரமாகும், விரல் நுனி நனைகிற அளவு போதும் என்றார். போதுமாகத்தான் இருந்தது. கறுப்புத் துணியைத் தட்டில் பரப்பினால் சூடு சீக்கிரம் பிடிக்கும் என்றார். திருவல்லிக்கேணியில் குடைத் துணி வெட்டுகிற பாய் ஒருவரிடம் துண்டுத் துணி வாங்கிவந்து போட்டோம். தண்ணீர் கூடியது. மத்தியானத்தில் ஈரத்துணியால் கண்ணாடியை வெளியே துடைத்துக் குளிரவைத்தால் உள்ளே முத்து அதிகம் பிடிக்கும் என்றார். அதுவும் நடந்தது. கடற்காற்றில் கண்ணாடிமேல் உப்புப் படலம் படியும், எப்படியும் தினம் துடைக்கத்தான் வேண்டும்.

அந்தத் தண்ணீரை முதலில் ஒருத்தரும் குடிக்கவில்லை. கீழே ஆட்டோ நிறுத்துகிறவர்கள்தான் கேனோடு மேலே ஏறி வந்தார்கள்.

"தங்கச்சி, பேட்டரி தண்ணி குடுப்பியாமே?"

"குடிக்கிற தண்ணிண்ணா இது," என்றேன்.

"சொம்மா சொல்லாத. இதக் குடிச்சா வவுத்துல லைட்டு எரியும்."

அக்கா ஒரு டம்ளர் பிடித்து அவர்கள் எதிரிலேயே மடக்கென்று குடித்து, வாயை அகலமாகத் திறந்து காட்டினாள். "பாத்துக்கோ, எரியுதா? ஸ்விட்சு எங்க கீதுன்னு தேடு." அன்றைக்கு மாடியே சிரித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

பெட்டிகளைப் பார்ப்பது நாங்கள் என்றாலும் மாடியை ஆள்கிறவள் பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தை. மீன் விற்கிறவள். ஒருநாள் இரண்டு பெட்டிகளில் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிட்டது. அடைப்பு விட்டுவிட்டதா என்று சுற்றிலும் தடவிப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் பார்த்தால், நாங்கள் தண்ணீர் எடுக்கக் கீழே இறங்கியதும் அத்தை கண்ணாடிமேல் நெத்திலியைப் பரப்பி வைத்திருக்கிறாள்.

"அத்த! இன்னாத்த இது?"

"சூடா கீது, ஜோரா காயுது. அடியில உன் தண்ணி ஓடட்டும், மேல என் கருவாடு காயட்டும். உனுக்கு இன்னா நஷ்டம்?"

சார் வந்தபோது மாடி முழுக்க வாசனை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுவும் ஒரு பெர்ஃபார்மன்ஸ்தான்," என்றார். அத்தைக்கு அது பிடித்துப்போய்விட்டது. அப்புறம் கண்ணாடிமேல் வைக்கவில்லை.

சாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மாடிப்படி ஏறி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மொட்டைமாடியில் கால் வைப்பார், கோயிலுக்குள் வருகிற மாதிரி. கைக்குட்டையைத் தரையில் விரித்து அதன்மேல் முட்டி போட்டு, ஜாடியில் தண்ணீர் நிற்கிற கோட்டுக்குக் கண்ணைச் சரியாகக் கொண்டுவந்து பார்ப்பார். கூடியிருந்தால் "பேஷ்" என்பார். குறைந்திருந்தால் கைக்குட்டையை உதறி மடிப்பார். அந்த மடிப்பைப் பார்த்ததும் நாங்கள் பெட்டியின் அடைப்பைத் திரும்பத் தடவிப் பார்க்கப் போய்விடுவோம். 'செய்' என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. "செஞ்சுடலாமா?" என்பார். "பாத்துக்கலாம்" என்பார். எவ்வளவு மரியாதையான மனுஷன் என்று அக்கா பெருமைப்படுவாள். அவளை வாங்க போங்க என்று பேசிய முதல் பேண்ட் போட்ட ஆள் அவர்.

இப்போதுதான் புரிகிறது. உத்தரவு மாதிரி எதையுமே சொல்லாத ஆளை, இதை நீங்கள்தான் சொன்னீர்கள் என்று பிடிக்க முடியாது.

எங்கள் பிளாக் மாடியில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். மத்தியானத்துக்குமேல் அதன் நிழல் இரண்டாவது பெட்டியில் விழுந்தது. தண்ணீர் குறைந்தது. வெளியூரிலிருந்து யாரோ பெரிய ஆட்கள் பார்க்க வரப்போகிற நேரம். அக்கா சாருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"நிழல் விழுதா? சரி, அந்தப் பெட்டிய ஓரமா வெச்சுடுங்கோ. நான் வந்து பாத்துக்கறேன்."

ஓரம் என்றால் எங்களுக்கு ஓரம். மாடியின் தெற்கு ஓரத்தில் நிழலே கிடையாது, நாள் முழுக்க வெயில். நல்ல யோசனைதான் என்று நினைத்தோம். இரண்டு பேருமாக இழுத்துக்கொண்டு போய் வைத்தோம். அங்கே கைப்பிடிச் சுவர் கிடையாது. கடற்காற்றில் சிமெண்டு உதிர்ந்து உதிர்ந்து, ஒரு ஆள் நீளத்துக்குச் சுவர் எப்போதோ விழுந்துவிட்டது. துருப்பிடித்த கம்பி இரண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பழக்கமான இடம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடமாட்டோம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் சார் வந்தார். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அப்புறம் சிரித்தார்.

"ஐயோ தேவி! ஓரமா வைன்னா, தள்ளி வை, இப்போதைக்கு ஓட்டவேண்டாம்னு அர்த்தம். நீங்க நெஜமாவே ஓரத்துல கொண்டு வெச்சுட்டேளா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்க ஒயுங்கா சொல்றது இல்ல சார்! எங்க பக்கம் ஓரம்னா ஓரந்தான்." அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அஞ்சலை அத்தையும் சிரித்தாள். "பஸ்ல கண்டக்டரு ஓரமா போன்னா வெளிய குதிச்சிருவியா நீ?" என்று அக்காவைக் கிண்டல் செய்தாள்.

அதோடு பெட்டியை உள்ளே இழுத்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு.

ஆனால் சார் கைக்குட்டையை விரித்தார். முட்டி போட்டார். ஜாடியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற எல்லாப் பெட்டியையும்விட அதில் அதிகம் இருந்தது.

"பேஷ்," என்றார். "பேஷ், பேஷ். எல்லாத்தையுமே இங்க கொண்டு வந்துடலாமா?"

அக்கா உடனே சொன்னாள்: "சார், இந்தாண்ட சுவர் இல்ல சார். ஜாடி மாத்தணும்னா பொட்டிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவுலதான் நிக்கணும். ஒரு ஆளு நிக்கத்தான் எடம் கீது."

"ஆமா இல்ல?" என்றார். எட்டிக்கூடப் பார்த்தார். "ஒரு கம்பியோ கயிறோ கட்டிடலாம். பாத்துக்கலாம்."

எல்லாப் பெட்டியும் ஓரத்துக்குப் போனது. பெரிய ஆட்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், அக்காவுக்குக் கை கொடுத்தார்கள். கம்பி வரவில்லை. அக்கா திரும்பக் கேட்டாள். போனில் ஒருமுறை கேட்டாள், ஆபீஸுக்குப் போனபோது ஒருமுறை கேட்டாள். பாத்துக்கலாம். நானே ஒரு துணிக்கயிற்றைக் கம்பியோடு கம்பி கட்டினேன். காற்றில் அது அறுந்துபோனது. பெட்டியை உள்ளே இழுத்துவிடலாம் அக்கா என்றேன். "இழுத்தா தண்ணி கொறையும்டி. கொறஞ்சா அவரு மடிப்பாரு," என்றாள். கைக்குட்டையை மடிக்கிற மாதிரி கையால் காட்டினாள்.

அவள் விழுந்தபோது நான் கீழே போர் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பிற்பகல். நல்ல காற்று. மேலே கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குமேல் இதை எழுதமாட்டேன். கண்ணாடி உடையவில்லை. ஜாடி இருந்த இடத்தில் இருந்தது. குழாயிலிருந்து அதில் சொட்டிக்கொண்டே இருந்தது. அத்தை போய் அதை எட்டி உதைக்கும்வரை சொட்டிக்கொண்டிருந்தது.

கால் தவறி விழுந்தாள் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். காரியம் முடிந்து அடையாறு ஆபீஸில் ஒரு கூட்டம். என்னையும் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அம்மாவால் வர முடியவில்லை, அஞ்சலை அத்தை வந்தாள். ஏசி அறை. டீ கொடுத்தார்கள். சார் அழுதார், அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். கண்ணைத் துடைத்துவிட்டு, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார்:

"நான் போன்ல ஓரமா வைக்கத்தான் சொன்னேன். அதாவது, தள்ளி வைக்க. அவா அத ஓரத்துலன்னு தப்பா புரிஞ்சுண்டுட்டா. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தையால வந்தது."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் "கம்யூனிகேஷன் கேப்" என்றார். ஐயோ பாவம், மொழி தெரியாதவர்கள் என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்கள். என் சொந்தத் தமிழில் என் அக்காவுக்கு அர்த்தம் தெரியவில்லையாம்.

அத்தைதான் டீ கிளாஸை டக்கென்று வைத்தாள்.

"நைனா, தப்பா புரிஞ்சிக்கினா, சரி. மறுநா நீ வந்து பாத்தியா இல்லியா? பாத்துட்டு சிரிச்சியா இல்லியா? நானும் சேந்துதான சிரிச்சேன்! அப்பால எல்லாத்தயும் இங்கியே கொண்டான்னு சொன்னது ஆரு? அதுவும் அவ தப்பா புரிஞ்சிக்கினதா?"

"நான் கொண்டு வரச் சொல்லலம்மா. கொண்டு வந்துடலாமான்னு கேட்டேன்."

இதுதான் அவர் சொன்னது. கேட்டாராம். கேள்விதானாம் அது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றோடு ரிட்டயர்.

இப்போது அந்த இரண்டு பக்கங்கள். முதல் பக்கத்தில் பெட்டிகளில் வந்த தண்ணீரைக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். கோடு ஒரு இடத்தில் மேடாக ஏறுகிறது. கீழே எழுதியிருக்கிறது: 'பெட்டிகளை மாடியின் தெற்கு விளிம்புக்கு மாற்றி அமைத்ததன் மூலம் எங்கள் குழு உற்பத்தியை உயர்த்தியது.' அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'அறிவுறுத்தலைத் தவறாகப் புரிந்துகொண்டதால் நேர்ந்த துரதிருஷ்டமான விபத்தில் நம் ஊழியர் தேவியை இழந்தோம்.'

படித்துப் பாருங்கள். அதே பெட்டி, அதே ஓரம். தண்ணீர் கூடியதற்கு நகர்த்தியது உங்கள் குழு. என் அக்கா செத்ததற்கு நகர்த்தியது அவளுடைய தப்பு. புத்தகமானால் ஒரே தாளின் முன்பக்கமும் பின்பக்கமும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். பின்பக்கத்து வரியை மாற்றுங்கள். 'சுவர் இல்லை என்று தேவி சொன்னார், நாங்கள் கேட்கவில்லை' என்று போடுங்கள். போட்டால் இந்தக் கட்டுரையையும் போடுங்கள். இல்லையென்றால் அந்த வரியையும் போடாதீர்கள், இதையும் போடாதீர்கள். என் அக்காவுக்குத் தமிழ் தெரியும்.

இங்கே முடித்திருப்பேன். ஆனால் ரேவதி, "சைட்ட ஒரு தடவ வந்து பாருங்கக்கா, தண்ணி கொறையுது, எனுக்கு ஒண்ணும் புரியல," என்று கெஞ்சினாள். கடைக்கு லீவு நாளில், அவள் பெட்டிகள் பார்த்துக்கொள்கிற ஆதம்பாக்கம் போனேன். ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மாடி. மேலே போனதும் தெரிந்தது. பெட்டிகள் எல்லாம் தெற்கு ஓரத்தில், வரிசையாக. சுவர் இருக்கிறது. என் முட்டிவரைதான் இருக்கிறது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம். அங்கே நின்றுகொண்டு ரேவதி என்னைப் பார்த்துச் சிரித்தாள், கையில் ஈரத்துணி.

"இந்தாண்ட வா," என்றேன்.

"இருங்கக்கா, இத மட்டும் தொடச்சிட்டு..."

"வாடி இந்தாண்ட!"

நான் கத்திய கத்தலில் ஹாஸ்டல் பெண்கள் ஜன்னலைத் திறந்தார்கள். ரேவதி பயந்துபோய் வந்துவிட்டாள். அவள் கையை நான் கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு முதல் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் மறுமுனையைப் பிடித்தாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் மாடிக்கு நடுவில் இழுத்தோம். இரண்டு பெட்டிகள்மேல் படிக்கட்டு அறையின் நிழல் விழுந்தது. விழட்டும்.

ரேவதி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிழலைப் பார்த்தாள். "தண்ணி இன்னும் கொறையுமேக்கா. எல்லாத்தயும் எங்க வெச்சேன்னு சார் கேட்டா இன்னா சொல்றது?"

"ஓரமா வெச்சுட்டோம்னு சொல்லு," என்றேன். "அவருக்கு அர்த்தம் தெரியும்."